வீசிங் என்ற சொல்லும் ஆஸ்துமா என்ற நோயும்

அடிக்கடி இருமும் ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்றின் மருத்துவச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். தில்லியோ, நாகபுரியோ, சென்னையோ, ஊர் எதுவானாலும் காட்சி பெரிதும் மாறாது. ஒரு சீட்டில் ‘அலர்ஜிக் பிராங்கைட்டிஸ்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘வீசிங்’. அடுத்ததில் ‘ஈசினோஃபீலியா’. பிறகு, ‘அடிக்கடி வரும் சுவாசத் தொற்று’. சில குழந்தைகளின் கோப்பில் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்றும் ஒன்று இருக்கும். பெயர்கள் மாறினாலும் விவரம் மாறியிராது: விடியற்காலையில் கூடும் இருமல், ஓடி விளையாடினால் இளைப்பு, பருவம் மாறும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி, இடையில் சில வாரங்கள் ஒன்றுமே இல்லாததுபோல் நலம். அத்தனை சீட்டுகளிலும் பெரும்பாலும் எழுதப்படாத சொல் ஒன்று உண்டு. அது ஆஸ்துமா.

சொல்லில் என்ன இருக்கிறது, மருந்து கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இந்த ஒரு நோயைப் பொறுத்தவரை சொல்லில் நிறையவே இருக்கிறது என்பதுதான் என் வாதம். குழந்தைகளின் ஆஸ்துமாவுக்கு நல்ல மருந்து இருக்கிறது. அதன் விலையும் பெரும்பாலான குடும்பங்களால் தாங்க இயலாதது அன்று. ஆயினும் அது குழந்தையின் நுரையீரலைச் சென்றடைவதில்லை. நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல மருத்துவரும் கேட்கப் பெற்றோரும் தயங்குவது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. நான் மருத்துவர் இல்லை. பொதுச் சுகாதாரத்தில் ஆய்வு செய்பவன். எனவே இந்தப் பதிவைப் படித்துவிட்டு எவரும் குழந்தையின் மருந்தைத் தாமாக மாற்ற வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில எண்களிலிருந்து தொடங்கலாம். உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆஸ்துமாவுடன் வாழ்வோர் சுமார் 3.4 கோடிப் பேர். உலக ஆஸ்துமா நோயாளிகளில் இது ஏறத்தாழ 13 விழுக்காடு. ஆனால் உலகின் ஆஸ்துமா மரணங்களில் இந்தியாவின் பங்கு 40 விழுக்காட்டுக்கும் மேல். நோயாளிகளில் எட்டில் ஒருவர் நம்மவர். இறப்போரில் ஐவரில் இருவர் நம்மவர். இரண்டு விகிதங்களுக்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை மரபணுவாலோ தட்பவெப்பத்தாலோ மட்டும் விளக்கிவிட முடியாது.

2022இல் வெளியான உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய ஆய்வு அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க உதவுகிறது. 6–7 வயதுக் குழந்தைகள், 13–14 வயதுச் சிறார், அவர்களின் பெற்றோர் எனச் சுமார் 1,27,000 பேரிடம் திரட்டிய தகவல் அது. மூச்சிரைப்பு உடையவர்களுள் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்ற கண்டறிதலே நிகழ்ந்திருக்கவில்லை. கடுமையான அறிகுறி உடையவர்களிலும் 70 விழுக்காட்டினர் அதே நிலையில் இருந்தனர். மூச்சிரைப்பு உடையவர்களுள் உள்ளிழுப்பு ஸ்டீராய்டை அன்றாடம் பயன்படுத்தியோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. இந்த எண்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பெயர் கிடைக்காதவர்களுக்கு மருந்தும் கிடைக்கவில்லை.

ஆஸ்துமா மரணங்களில் பெரும்பாலானவை வயது முதிர்ந்தோருடையவை, குழந்தைகளைப் பற்றிய பேச்சில் இந்த எண் எதற்கு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. ஆனால் முதியவரின் நுரையீரல் குழந்தைப் பருவத்தில்தான் உருவாகிறது. மனித நுரையீரலின் திறன் இருபதுகளின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டி, பின்னர் மெல்ல மெல்ல இறங்குகிறது. உச்சத்தையே எட்டாமல் இறங்கத் தொடங்குபவர், மூச்சு முட்டும் எல்லையை மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகத் தொட்டுவிடுவார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1964இல் ஏழு வயதுக் குழந்தைகளைக் கொண்டு தொடங்கப்பட்ட ஆய்வு ஒன்று அவர்களை 50 வயது வரை தொடர்ந்தது. குழந்தைப் பருவத்தில் கடும் ஆஸ்துமா இருந்தவர்களுக்கு, நடுவயதில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக இருந்தது. ஐந்து வயதில் நாம் கவனிக்கத் தவறியதன் கணக்கு ஐம்பது வயதிலும் வரலாம்.

பெயர் ஏன் மருத்துவத்தை மாற்றுகிறது என்பதை விளங்கிக்கொள்ள நோயின் இயல்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல்களின் உட்சுவரில் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. தூசி, புகை, குளிர்காற்று, சாதாரணச் சளிக்கிருமி என ஏதேனும் ஒன்று தூண்டும்போது குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, கோழை சுரக்கிறது, வழி குறுகுகிறது. குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீரான ஓட்டத்தில், காற்றுக்கு எழும் தடை இரண்டு மடங்கு அன்று, பதினாறு மடங்கு கூடும். பள்ளி இயற்பியலில் நாம் படித்த நான்காம் அடுக்கு விதிதான் இது. பெரியவரின் குழலில் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் தொல்லை என்றால், குழந்தையின் குழலில் அதுவே பேராபத்து.

இங்கே இரண்டு வேலைகள் இருக்கின்றன. இறுகிய தசையைத் தளர்த்துவது ஒன்று. கனலும் அழற்சியைத் தணிப்பது மற்றொன்று. முதல் வேலையைச் சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து சில நிமிடங்களில் செய்துவிடும். இரண்டாவதைப் பூடிசோனைடு, பெக்ளோமெத்தசோன் போன்ற உள்ளிழுப்பு ஸ்டீராய்டு பல வாரங்கள், மாதங்கள் தொடர்ந்து எடுத்தால்தான் செய்யும். நிவாரண மருந்தின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. தடுப்பு மருந்தின் பலனோ, ஒன்றும் நிகழாமல் இருப்பதுதான். இரவு இருமல் வராத வாரத்தை எவரும் மருந்தின் வெற்றியாக எண்ணுவதில்லை. குழந்தைக்குக் குணமாகிவிட்டது என்றே எண்ணி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

குழந்தை நலமாகத் தெரியும் நாள்களிலும் மருந்து தொடர வேண்டும் என்று ஒரு தாயை ஏற்கவைக்க ஒரே வழி, நலமாகத் தெரியும் நாள்களிலும் நோய் உள்ளே இருக்கிறது என்று சொல்வதுதான். அதற்கு நோய்க்கு ஒரு பெயர் வேண்டும். ‘வீசிங்’ என்பது நோயின் பெயர் அன்று. அது ஓர் ஒலி. ஒலி நின்றதும் காரியமும் முடிந்துவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. ‘வீசிங் வந்தது, போயிற்று, மறுபடி வந்தது’ என்ற பேச்சில், தொடர்ச்சியான ஒரு நோய் தொடர்பற்ற நிகழ்வுகளாகச் சிதறிவிடுகிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு மருத்துவர், ஒரு சீட்டு, ஒரு புட்டி.

அப்படியானால் பெயரை ஏன் சொல்வதில்லை? பெற்றோரின் பக்கமிருந்து தொடங்குவோம். இந்தியில் ‘தமா தம் கே சாத் ஜாதா ஹை’ என்றொரு வழக்கு உண்டு. தமா என்னும் இரைப்பு உயிரோடுதான் போகும் என்பது பொருள். தமிழிலும் ஈளை, இரைப்பு, இழுப்பு என்ற சொற்கள் நம் நினைவில் எழுப்பும் உருவம் திண்ணையில் குனிந்து அமர்ந்து மூச்சு வாங்கும் முதியவருடையது. பள்ளிச் சீருடை அணிந்த சிறுமியுடையது அன்று. அந்த உருவத்தைத் தன் குழந்தையின் மீது ஏற்றப் பெற்றோர் அஞ்சுகிறார்கள். பெண் குழந்தையாயின் அச்சம் இரட்டிப்பு; நாளை திருமணப் பேச்சு வரும்போது என்ன சொல்வது என்ற கவலை ஆறு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. ‘இன்ஹேலர் பழகிவிடும்’, ‘கடைசிக் கட்டத்தில் கொடுப்பது’ என்ற நம்பிக்கைகளும் இந்த அச்சத்தின் கிளைகளே.

மருத்துவரின் பக்கமும் எளிதன்று. இரண்டு நிமிடம் மட்டுமே ஒதுக்க இயலும் புறநோயாளிப் பிரிவில், ஆஸ்துமா என்று சொன்னால் அதன் பின்விளக்கத்துக்கு இருபது நிமிடம் வேண்டும். தனியார் மருத்துவமனையில் வேறோர் அழுத்தம். கசப்பான பெயரைச் சொன்னவரை விட்டுவிட்டு, ‘வெறும் அலர்ஜிதான்’ என்று ஆறுதல் சொல்பவரிடம் குடும்பம் போய்விடும். பெயரை மென்மையாக்குவது கருணையாகத் தொடங்கி வழக்கமாக முடிகிறது.

அரசின் சொல்லகராதியும் இந்தத் தயக்கத்திலிருந்து விடுபட்டதாகத் தெரியவில்லை. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய பால் சுவாஸ்த்ய காரியக்ரம் பாராட்டுக்குரிய திட்டம். அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுவை அனுப்பிப் பிள்ளைகளைப் பார்க்கும் ஏற்பாடு அது. அதன் பட்டியலில் இந்த நோய் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் ‘ரியாக்டிவ் ஏர்வே டிசீஸ்’, அதாவது எளிதில் தூண்டப்படும் மூச்சுவழி நோய் என்ற பெயரில். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் ஆஸ்துமாவைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டுள்ளது. ஆயினும் அத்திட்டத்தின் மக்கள் பரிசோதனை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆக, பெயர் உள்ள திட்டத்தின் பரிசோதனைக்குள் குழந்தை வரவில்லை. குழந்தை உள்ள திட்டத்தில் பெயர் இல்லை.

பெயர் சொல்லாததன் விலையைக் குழந்தையின் உடல் எப்படிச் செலுத்துகிறது என்று பார்ப்போம். சிரப்பை எடுத்துக்கொள்வோம். இன்ஹேலர் வேண்டாம் என்போர் விரும்புவது சால்பியூட்டமால் சிரப். அதன் 5 மில்லியில் வழக்கமாக 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வருவதோ 100 மைக்ரோகிராம். ஒரு தேக்கரண்டி சிரப் என்பது இருபது அழுத்தங்களுக்குச் சமமான மருந்து. அது வயிறு வழியாக இரத்தத்தில் கலந்து உடல் முழுதும் சுற்றியபின் ஒரு பகுதி நுரையீரலை அடைகிறது. கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் அதனால்தான். ‘மெல்லிய’ மருந்து என்று பெற்றோர் நம்புவது உண்மையில் கூடுதல் அளவு மருந்து; பலனும் தாமதமாக, குறைவாகவே கிடைக்கிறது.

ஸ்டீராய்டுக் கணக்கு இதைவிட வியப்பானது. ஸ்டீராய்டு என்பதால் தடுப்பு இன்ஹேலரை மறுக்கும் குடும்பத்தின் குழந்தைக்குத் திணறல் முற்றும்போது வாய்வழி பிரட்னிசலோன் தரவேண்டி வருகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுத்தால் மொத்தம் 100 மில்லிகிராம். அதே குழந்தை நாளொன்றுக்கு 200 மைக்ரோகிராம் பூடிசோனைடை ஆண்டு முழுவதும் உள்ளிழுத்தால் மொத்தம் 73 மில்லிகிராம். இரு மருந்துகளின் வீரியம் வேறு, உடல் அவற்றைக் கையாளும் முறையும் வேறு என்பதால் இது நேரான ஒப்பீடு ஆகாது. உள்ளிழுத்ததில் விழுங்கப்படும் பகுதியைக் கல்லீரல் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடுகிறது என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை திணறல் வந்து நான்கு முறை பிரட்னிசலோன் எடுக்கும் குழந்தை ஸ்டீராய்டிலிருந்து தப்பிய குழந்தை அன்று என்பதை உணர்த்த மட்டும் இந்தக் கணக்குப் போதும்.

உள்ளிழுப்பு ஸ்டீராய்டுக்குப் பக்கவிளைவே இல்லை என்று சொல்வதும் நேர்மையன்று. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் குழந்தைப் பருவத்தில் நான்கு முதல் ஆறு ஆண்டுகள் பூடிசோனைடு எடுத்தவர்கள், வளர்ந்தபின் மற்றவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர். பெற்றோரிடம் இதையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாடற்ற ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். தராசின் இரு தட்டுகளையும் காட்டினால் பெரும்பாலான பெற்றோர் சரியாகவே எடைபோடுவார்கள். ஒரு தட்டை மறைத்து வைப்பதுதான் வதந்திக்கு இடம் தருகிறது.

ஆன்டிபயாடிக் கதை இன்னொன்று. கிராமப்புற முன்களப் பணியாளர், நிமோனியாவைக் கண்டறியக் குழந்தையின் மூச்சை எண்ணுகிறார். ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் அது வேக மூச்சு. எத்தனையோ உயிர்களைக் காத்த எளிய விதி இது. ஆனால் ஆஸ்துமாக் குழந்தையும் வேகமாகத்தான் மூச்சுவிடும். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், மூச்சிரைப்பும் வேக மூச்சும் சேர்ந்திருந்தால் முதலில் நிவாரண மருந்தை உள்ளிழுக்கச் செய்து, மூச்சை மீண்டும் எண்ணி, அதன் பிறகே நிமோனியா என்று முடிவுசெய்யச் சொல்கிறது. இன்ஹேலர் கையில் இல்லாத இடத்தில் இந்த இடைப்படியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. விளைவாக, ஆஸ்துமாக் குழந்தைக்கு ஆண்டுதோறும் பலமுறை ஆன்டிபயாடிக் போகிறது. பிரைமரி காம்ப்ளக்ஸ் என்ற பெயரில், போதிய சான்றின்றி ஆறு மாதக் காசநோய் மருந்து உண்ட ஆஸ்துமாக் குழந்தைகளைப் பற்றி நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பல்லாண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். சமூகம் ஆஸ்துமாவைவிடக் காசநோயை ஏற்றுக்கொள்கிறது என்பது இதன் பொருள் அன்று. ‘ஆறு மாதத்தில் முடிந்துவிடும்’ என்ற வாக்குறுதியை ஏற்றுக்கொள்கிறது.

முடிந்துவிடும் என்ற வாக்குறுதியின் வலிமையைக் காண ஐதராபாத்துக்குப் போகலாம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மிருகசீரிடக் காலம் தொடங்கும் நாளில், நாம்பள்ளிப் பொருட்காட்சித் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். மூலிகைப் பசை வைத்த உயிருள்ள விரால் குஞ்சை வாய்க்குள் விட்டு விழுங்கச் செய்கிறார்கள். அழும் குழந்தைகளைப் பெற்றோர் இறுகப் பிடித்திருக்கும் படங்கள் மறுநாள் நாளிதழ்களில் வரும். ‘மீன் மருந்து’ என்று வழங்கியது எதிர்ப்புகளுக்குப் பின் ‘மீன் பிரசாதம்’ ஆயிற்று. இதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் அங்கே வருவோரை மூடர் என்று எள்ளி நகைத்துவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வரிசையில் நிற்பவர் தன் குழந்தையின் நோய் இன்னதென்று அறிந்தே நிற்கிறார். நவீன மருத்துவம் அவருக்குப் பெயரைத் தரத் தயங்கியது, அல்லது பெயரைத் தந்துவிட்டு அந்தப் பெயரோடு எப்படி வாழ்வது என்று கற்றுத் தரவில்லை. திடலில் அவருக்குப் பெயரும் கிடைக்கிறது, முடிவும் வாக்களிக்கப்படுகிறது. நம் மருத்துவமனைகளால் முடிவை வாக்களிக்க இயலாது. குழந்தை ஓடலாம், உறங்கலாம், பள்ளிக்குப் போகலாம் என்ற வாக்கை நிச்சயம் தர இயலும். அதை உரக்கச் சொல்வதில்லை என்பதே குறை.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சிரைப்பெல்லாம் ஆஸ்துமா அன்று. சளிக்கிருமியால் மட்டும் இரைக்கும் சிறு குழந்தைகளில் பலருக்கு ஆறு வயதுக்குள் அது தானாக நின்றுவிடும். ஸ்பைரோமெட்ரி போன்ற ஊதும் சோதனையை அந்த வயதில் நம்பகமாகச் செய்யவும் இயலாது. அன்றியும், மூச்சுக்குழலில் சிக்கிய நிலக்கடலை, பிறவிக் குறை, உண்மையான காசநோய், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனக் கவனமாக விலக்க வேண்டியவை பல. எடை கூடாத குழந்தை, பிறந்த நாள் முதலே இரைக்கும் குழந்தை, ஒரு பக்க நெஞ்சில் மட்டும் ஒலி கேட்கும் குழந்தை ஆகியோருக்கு ஆஸ்துமா என்ற முத்திரையை அவசரப்பட்டுக் குத்துவது வேறொரு தீங்கு.

இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஐயத்துக்கும் மௌனத்துக்கும் வேறுபாடு உண்டு. ‘இது ஆஸ்துமாவாக இருக்கலாம்; மூன்று மாதம் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்ப்போம்; பலன் இருந்தால் நிறுத்திப் பார்த்து உறுதிசெய்வோம்; இல்லையெனில் வேறு காரணம் தேடுவோம்’ என்று சொல்வது ஐயத்தை நேர்மையாகப் பகிர்வது. ஐந்து ஆண்டுகள் வீசிங் என்றே எழுதிக்கொண்டிருப்பது ஐயம் அன்று, தட்டிக்கழிப்பு. மேலும், முன்பு குறிப்பிட்ட ஆய்வு கணக்கெடுத்தது ஆறு வயதைத் தாண்டியவர்களை. அந்த வயதில் இந்த மறுப்பின் வலிமை பெரிதும் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு காற்றைப் பற்றியது. தில்லியில் ஒவ்வொரு நவம்பரிலும் காற்றின் தரக் குறியீடு உச்சத்துக்கு ஏறும்போது, குழந்தைகளின் நுரையீரல் தேசியப் பேச்சாகிறது. பயிர்த்தாள் எரிப்பு, வாகனப்புகை, அனல்மின் நிலையம், கட்டுமானத் தூசி, வீட்டுக்குள் விறகடுப்பு எனக் குற்றவாளிகள் உண்மையானவர்கள். அந்தப் போராட்டம் தொடர வேண்டும். ஆனால் புகை சூழ்ந்த நாளில் திணறும் குழந்தைக்குக் காற்று தூய்மையாகும்வரை காத்திரு என்று சொல்ல இயலாது. அழுக்குக் காற்றில் வாழ நேர்ந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்தின் தேவை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. குற்றத்தை முழுவதும் காற்றின் மீது சுமத்தும்போது, நம் மருத்துவ அமைப்பு செய்யத் தவறியது பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

ஆய்வு மாணவர்களுக்கென ஒரு செய்தி. ஆங்கில ‘வீஸ்’ என்பதற்கு நேரான சொல் எல்லா மொழிகளிலும் இல்லை. 1991இல் உருவான ஐசக் என்னும் பன்னாட்டுக் குழந்தை ஆஸ்துமா ஆய்வு இந்தச் சிக்கலை எதிர்கொண்டது. எழுத்து வினாத்தாளுடன், மூச்சிரைக்கும் சிறாரின் காணொளியைக் காட்டி ‘உனக்கு இப்படி நேர்ந்ததுண்டா?’ என்று கேட்கும் முறையையும் அது வகுத்தது. சொல்லுக்குப் பதில் காட்சி. அதேவேளை, நம் மொழிகள் இந்த நோயைப் பார்க்காதவையும் அல்ல. வட இந்தியத் தாய்மார் ‘பஸ்லி சல்னா’ என்பார்கள். விலா ஓடுகிறது என்று பொருள். குழந்தை மூச்சுவிடப் போராடும்போது விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவதை எந்த மருத்துவ நூலின் உதவியும் இன்றிக் கண்டு பெயரிட்டவர்கள் அவர்கள். தமிழின் இரைப்பும் இளைப்பும் அத்தகைய கூர்மையான சொற்கள்தாம். வட்டார வழக்கில் எந்தச் சொல் எந்த அறிகுறியைக் குறிக்கிறது, எந்தச் சொல் களங்கத்தைச் சுமக்கிறது என்பது மொழியியலும் மானிடவியலும் பொதுச் சுகாதாரமும் சேர்ந்து செய்ய வேண்டிய ஆய்வு. வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துவிட்டு அதைத் தரவு என்று அழைப்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது.

என்ன செய்யலாம்? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. குழந்தைகளின் திணறலுக்கு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இன்ஹேலருடன் ஸ்பேசர் என்னும் இடைக்குழாயைச் சேர்த்துப் பயன்படுத்துவது நெபுலைசருக்கு நிகரான பலன் தரும் என்பது பல ஆய்வுகளின் தொகுப்பிலிருந்து தெளிவாகியுள்ளது. அதற்கு மின்சாரம் வேண்டாம். மருத்துவமனைக்கு ஓடவும் வேண்டாம். ஸ்பேசர் வாங்க இயலாவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் பொருந்தும் துளையிட்டு, இடுக்கை ஒட்டி அடைத்தால் அது கடையில் விற்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்வதைக் காட்டியது. நம் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இதைக் கற்றுத்தர ஒரு செவிலியரும் அரை மணி நேரமும் போதும்.

பூடிசோனைடும் சால்பியூட்டமாலும் நம் தேசிய இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இருப்பது வேறு, ஆரம்பச் சுகாதார நிலைய அலமாரியில் இருப்பது வேறு. பிரேசில் 2012இல் பெக்ளோமெத்தசோன், சால்பியூட்டமால் உள்ளிட்ட ஆஸ்துமா மருந்துகளைத் தன் மக்கள் மருந்தகத் திட்டத்தின் வழியே இலவசமாக்கியது. நம்மைப் போலவே ஏற்றத்தாழ்வு மிக்க, மக்கள்தொகை பெருத்த நாடு அது. உலக ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வகுக்கும் ஜினா அமைப்பு, 12 வயதைக் கடந்தவர்களுக்கு நிவாரண மருந்தை மட்டும் தருவதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. சிறு குழந்தைகளிலும் அடிக்கடி அறிகுறி வருவோருக்குத் தடுப்பு மருந்தே அடித்தளம். நம் மருந்துக் கொள்முதலும் இதை ஒட்டி மாற வேண்டும். நீல இன்ஹேலர் மட்டும் இருக்கும் அலமாரி பாதி அலமாரிதான்.

பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. இன்ஹேலரைப் பையில் வைத்திருக்கவும் வகுப்பிலேயே பயன்படுத்தவும் குழந்தைக்கு உரிமை இருக்க வேண்டும். திணறல் வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு பக்கத்தில், தாய்மொழியில் எழுதிய தாள் ஒன்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தின் படிவத்தில் ஆஸ்துமா என்ற சொல்லை அச்சிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் விடுதி அறையில் இன்ஹேலரை ஒளித்து வைத்துப் பயன்படுத்துபவர்களாக இருக்கலாம். அதை மேசை மேல் வையுங்கள். கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவர் அதைக் கண்டு தன் நோயின் பெயரைச் சொல்லத் துணியலாம். பெற்றோராகவோ அத்தையாகவோ மாமாவாகவோ இருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவர் வீசிங் என்று சொல்லும்போது மரியாதையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஆஸ்துமாவாக இருக்குமா? தடுப்பு மருந்து தேவையா? எதைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓடி வர வேண்டும்? நல்ல மருத்துவர்கள் இந்தக் கேள்விகளுக்காகவே காத்திருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. இத்துறையில் பணிபுரிவோர் மாற்றுக் கருத்தையும் பிழைதிருத்தத்தையும் கீழே எழுதினால் நன்றியுடன் கற்றுக்கொள்வேன். வட்டாரச் சொற்கள் தெரிந்தவர்கள் அவற்றையும் பதிவிடுங்கள்: உங்கள் ஊரில் குழந்தையின் இந்த மூச்சுக்கு என்ன பெயர்?